மூணு தண்ணி பார்த்த அசேலியா

எங்கள் மொட்டைமாடியில், வடக்குச் சுவரை ஒட்டினாற்போல், சிமெண்டுத் தரையில் ஒரு வட்டக் கறை இருக்கிறது. அது ஒரு பூந்தொட்டி இருந்த இடம். அம்மா இரண்டு முறை பினாயில் ஊற்றித் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. இப்போது நான் ஒரகடம் பக்கம் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்ததும் துணி எடுக்க மாடிக்குப் போவேன். அந்த வட்டத்தை மிதிக்காமல் தாண்டித்தான் நடப்பேன். அது என் வழக்கமாகிவிட்டது.

அப்பா சாயக்காரர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் பட்டறை. நெசவாளர்கள் கோராவை, அதாவது வேகவைக்காத பட்டு நூலை, கொண்டுவந்து கொடுப்பார்கள். அது நாணல் மாதிரி விறைப்பாக இருக்கும். அதைச் சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே ஒட்டியிருக்கும் பசையை எடுத்துவிட்டு, அலசி, பிறகு சாயம் ஏற்றி, சிட்டம் சிட்டமாக, அதாவது நூல் கற்றைகளாக, மூங்கில் கழியில் மாட்டி மாடி நிழலில் காயப் போடுவார். எங்கள் மாடியில் என்றைக்கும் ஏதாவது ஒரு நிறம் தொங்கிக்கொண்டே இருக்கும். பார்த்துப் பழகியதால் நாங்கள் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மாடியில் ஒற்றை அறை ஒன்று உண்டு. அதில் வாடகைக்கு இருந்தவரை நான் மாடி அக்கா என்பேன். கோத்தகிரிக்காரர். ஓரிக்கை போகும் வழியில் ஒரு தனியார் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. வந்த முதல் நாள் பெட்டி படுக்கையை அறையில் வைப்பதற்கு முன்னாலேயே, மடியில் வைத்துக்கொண்டு வந்த ஒரு மண்தொட்டிக்கு இடம் தேடினார். முழங்கால் உயரச் செடி. சின்னச் சின்ன இலை. "அசேலியா" என்றார். "மலைச் செடிங்க. வெயில் ஆகாது. உங்க நூல் காயுற நிழல்ல கொஞ்சம் எடம் கெடைக்குமா?"

அப்பா சிட்டங்களை ஒரு முழம் நகர்த்தி இடம் கொடுத்தார்.

அந்தச் செடிக்கு ஒரு கதை இருந்தது. அக்காவின் அம்மா இளவயதில் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் தோட்ட வேலை செய்தவர். கல்யாணமாகி வந்தபோது அங்கிருந்து ஒரு கிளையை ஒடித்துவந்து வீட்டுப் பக்கத்தில் வேர்பிடிக்க வைத்தார். அது தோள் உயரம் வளர்ந்து, முப்பது வருடம் பூத்தது. ஒரு மழைக்கு மண்சரிந்து செடி மொத்தமும் மண்ணுக்குள் போய்விட்டது. அதற்கு முந்தைய வருடம் அக்கா பதியன் போட்டு எடுத்து வைத்திருந்த கிளைதான் இந்தத் தொட்டி. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

நான் அப்போது வேதியியல் கடைசி வருடம். கல்லூரியிலிருந்து வந்ததும் மாடிக்கு ஓடிவிடுவேன். அக்கா பரீட்சைத் தாள் திருத்துவார். நான் ஆய்வுக்கூட நோட்டு எழுதுவேன். இரண்டு பேருக்கும் பட்டியல் போடும் பழக்கம். "நாளைக்குச் செய்ய வேண்டியது" என்று தலைப்புப் போட்டு இருவரும் எழுதி, யாருடையது நீளம் என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சிரிப்போம். கீழேயிருந்து அம்மா குரல் கொடுப்பாள்: "இன்னாடி ரெண்டு பேரும் சிரிச்சிக்கினு கீறீங்க? அந்த லிஸ்டுல காபி டம்ளர கழுவுறதும் எழுதிக்குங்க!"

பொங்கல் முடிந்த வாரம் அக்காவுக்குப் போன் வந்தது. அவர் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை. அப்புறம் சித்தி வீட்டில் ஆறு வாரமாவது படுக்கை. அக்கா சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். செடியில் அப்போது பத்துப் பதினைந்து மொட்டு, மிளகு அளவில்.

கிளம்பும்போது தினக்காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய பட்டியல் ஒன்றை என் கையில் கொடுத்தார். அதை இன்னும் வைத்திருக்கிறேன். போர் தண்ணீர் கூடாது, டிரம்மில் இருக்கும் மழைத் தண்ணீர் மட்டும். மண் காய்ந்தால்தான் ஊற்று, தினம் ஊற்றாதே. தொட்டியை நகர்த்தாதே. உரம் வேண்டாம். பூச்சி வந்தால் தண்ணீரைப் பீச்சிக் கழுவு, போகாவிட்டால் எனக்குப் போன் பண்ணு. கடைசி வரி: தினம் ஒரு போட்டோ, காலையில், அம்மாவுக்கு.

"அம்மாவுக்கு இந்தச் செடி பூக்குறத இன்னொரு தடவ பாக்கணும்" என்றார் அக்கா. "ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறப்பவும் போன்ல அதத்தான் கேட்டாங்க. பாத்துக்க."

பட்டியல் போட்ட வேலையை நான் தவறவிட்டதில்லை. முதல் மூன்று வாரம் ஒரு வரி பிசகாமல் செய்தேன். காலை ஏழு மணிக்கு ஒரு போட்டோ. பதிலுக்கு அக்காவிடமிருந்து ஒரு கட்டைவிரல் குறி. சில நாள், "அம்மா பாத்துட்டாங்க" என்று ஒரு வரி.

நான்காவது வாரம் தொட்டி விளிம்பில் எறும்பு வரிசை கண்டேன். எறும்பு போன வழியிலேயே கண்ணைக் கொண்டுபோனால், நுனிக் கொழுந்து முழுக்க பச்சை நிறத்தில் கடுகைவிடச் சின்னப் பூச்சிகள். அசுவினி. கொழுந்தின் தண்டே தெரியவில்லை. கீழே இருந்த இலைகள் தேன் தடவியது மாதிரி பிசுபிசுத்தன. மொட்டுகளின் காம்பிலும் ஏறியிருந்தன.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்றுதான்: இவ்வளவு கொழுந்து எங்கிருந்து வந்தது? அம்மாவிடம் கேட்டேன்.

"பாவம், நோஞ்சானா இருக்குதேன்னு கடலப் பிண்ணாக்க ஊறவச்சி ரெண்டு வாட்டி ஊத்துனேன். அதுக்கு இன்னா இப்ப? சும்மா தளதளன்னு வரல?"

"லிஸ்டுல உரம் வேணாம்னு எழுதியிருக்குதுமா."

"லிஸ்டு உன் கைல குடுத்தாங்க. என்கிட்டயா குடுத்தாங்க?"

சத்து மிஞ்சினால் கொழுந்து மிஞ்சும்; கொழுந்து மிஞ்சினால் அசுவினி வரும். இது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குப் பட்டியலில் இருந்தபடி தண்ணீரைப் பீச்சினேன். பாதி விழுந்தது. மறுநாள் காலையில் போன பாதியும் திரும்ப வந்திருந்தது. அடுத்த வரி: போன் பண்ணு. ஆனால் அன்று அக்காவின் அம்மாவுக்குத் தையல் பிரிக்கும் நாள். காய்ச்சல் வேறு என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில் செடியில் பூச்சி என்று எப்படிச் சொல்வது?

எங்கள் தெருவில் பூச்சிக்கு ஒரே மருந்துதான். அப்பா பட்டு வேகவைத்த சோப்புத் தண்ணீர். வேலை முடிந்ததும் அதை ஆறவைத்து ஒரு கேனில் ஊற்றி வாசலில் வைத்துவிடுவார். எதிர்வீட்டு அத்தை, "அண்ணா, செம்பருத்தி முழுக்க வெள்ளப் பூச்சிண்ணா, அரை பக்கெட்டு ஊத்து" என்று வந்து வாங்கிப்போவார். முருங்கையில் கம்பளிப்பூச்சியா, கறிவேப்பிலையில் சுருட்டையா, எல்லாவற்றுக்கும் அது. அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. சாயம் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் தலையாட்டுவதோடு சரி. சோப்புத் தண்ணீரில் பூச்சி செத்துவிட்டது என்று சொன்னால் மட்டும் நின்று, எந்தச் செடி, எத்தனை நாளில் என்று விசாரிப்பார்.

"ஒண்ணுக்கு நாலு பச்சத் தண்ணி கலந்துக்க பாப்பா" என்றார். மழைத் தண்ணீரையே கலந்தேன். போர் தண்ணீர் கூடாது என்பது பட்டியலில் இருந்ததே.

இரண்டே நாள். அசுவினி கருத்து உதிர்ந்தது. எறும்பும் காணாமல் போனது. எனக்கு ஒரே பெருமை. திரும்ப வராமல் இருக்கட்டும் என்று இரண்டு நாளைக்கு ஒரு முறை அடித்தேன். இலையெல்லாம் நனைந்து, வழிந்து, மண்ணில் சொட்டச் சொட்ட. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, செடி குளித்துவிட்டு நிற்பதுபோல் பளிச்சென்று இருந்தது. பின்னால் அரக்கு நிறச் சிட்டங்கள். எது நன்றாக விழுகிறது என்று பார்க்கப் பதினொரு போட்டோ எடுத்தேன், ஒன்றை அனுப்பினேன்.

அடுத்த வாரம் இலைகள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையில் எல்லாம் மஞ்சள். வலை போட்டது மாதிரி. பிறகு மொட்டுகள் பழுப்பாகி, தொட்டால் கையோடு வந்தன.

நான் அமைதியானவள் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அமைதியோடுதான் அதையும் செய்தேன். கைப்பேசியில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டோக்கள் பத்து மிச்சம் இருந்தன. நாளைக்கு ஒன்றாக, காலை ஏழு மணிக்கு, அனுப்ப ஆரம்பித்தேன். "செடி நல்லா இருக்கு அக்கா." கட்டைவிரல் வந்தது. சரியாகிவிட்டால் புதிதாக எடுத்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. செடி சரியாகவில்லை. இன்னும் எத்தனை போட்டோ மிச்சம் என்று பார்த்துப் பார்த்துத்தான் தூங்கப் போவேன்.

எட்டாவது நாள் காலையில் அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால், அக்கா இல்லை. மெல்லிய, கொஞ்சம் மூச்சிரைக்கும் குரல்.

"கண்ணு, நான் அவ அம்மா பேசறேன். உங்கப்பாவுக்கு ஒடம்பு ஏதும் சரியில்லீங்களா?"

"இல்லம்மா, நல்லா இருக்காரு. ஏன்மா?"

"இல்ல, ஒரு வாரமா ஒரே அரக்கு நூலே காயுதே, அதான் கேட்டேன். முன்னெல்லாம் தெனம் ஒண்ணு வரும். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ... இங்க படுத்தா எனக்குச் செவுருதான் தெரியுது. காலைல இன்னிக்கு என்ன கலர் வரும்னு பாத்துட்டுக் கெடப்பேன். இவகிட்டகூட பந்தயம் கட்டுவேன். ஒரு வாரமா நான் அரக்குன்னு சொல்லிச் சொல்லியே ஜெயிக்கிறேன், சலிச்சுப் போச்சு."

பக்கத்தில் அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தப் போட்டோவில் செடியைத் தவிர வேறு எதையும் யாரும் பார்ப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சிட்டங்களுக்குக் கீழே குனிந்து நடந்தவள் நான்.

"அம்மா, அதெல்லாம் பழைய போட்டோம்மா. ஒரே நாள்ல எடுத்தது. செடி நல்லா இல்ல."

அங்கே சிரிப்பு நின்றது. கைப்பேசி கை மாறியது.

"இப்ப எடு" என்றார் அக்கா. "இப்ப எடுத்து அனுப்பு."

அனுப்பினேன். பதில் வர ஒரு மணி நேரம் ஆனது. அன்று கல்லூரிக்குப் போகவில்லை. மாடிப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அக்கா எழுதினார்: "நான் இப்ப உன்மேல ரொம்பக் கோவமா இருக்கேன். அத அப்புறம் வச்சுக்கலாம். பச்சையா மொட்டு எத்தன இருக்கு, எண்ணிச் சொல்லு." எண்ணினேன். நான்கு. "லிஸ்டுல இல்லாம என்னென்ன போட்ட, ஒண்ணு விடாம எழுது."

எழுத உட்கார்ந்ததும்தான் தெரிந்தது. பிண்ணாக்கு அம்மா ஊற்றியது. நான் ஊற்றியது ஒன்றே ஒன்று. பட்டியலில் கூடாது என்று எழுதியிருந்தவை எதையும் நான் செய்யவில்லை. எழுதாத ஒன்றை, எழுதவில்லை என்பதாலேயே, யோசிக்காமல் செய்திருக்கிறேன். அக்காவுக்கு அதை எழுதத் தோன்றியிருக்காது. பட்டு வேகவைத்த தண்ணீரைச் செடிக்கு அடிக்கும் ஊர் ஒன்று இருக்கும் என்று மலையில் பிறந்தவருக்கு எப்படித் தெரியும்?

கல்லூரிப் பையில், அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பிஎச் தாள் இருந்தது. அப்பாவின் கேனில் ஒரு துண்டை நனைத்தேன். கருநீலம், கடுங்காரம். தொட்டியின் அடித்துளையிலிருந்து சொட்டிய தண்ணீரில் இன்னொன்று. நீலம் கலந்த பச்சை. அசேலியா புளிப்புத்தன்மையுள்ள மண்ணில்தான் வேர்விடும்; மண்ணில் காரத்தன்மை ஏறினால் இரும்புச்சத்து இருந்தும் அதால் உறிஞ்ச முடியாது, இலை இப்படித்தான் வெளுக்கும். போர் தண்ணீரே வேண்டாம் என்று எழுதப்பட்ட செடிக்கு நான் சோடாவையே கொடுத்திருக்கிறேன். பட்டு வேகவைக்க எவ்வளவு சோடா போடுவார்கள் என்பது எனக்கு எட்டு வயதிலிருந்து தெரியும். ஆய்வுக்கூடத்தில் அதைப் பற்றிப் பரீட்சையே எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அப்பாவிடம் சொன்னபோது முகம் சுருங்கிப் போனது.

"என் தண்ணியாலயா? பத்து வருசமா எதிர்வூட்டு செம்பருத்திக்குக் குடுத்துக்கினு கீறேன். அது எப்டி பூத்துக்கினு இருக்குது பாரு."

"செம்பருத்தி தாங்கும்பா. இது தாங்காது. சோடா மண்ணுல நின்னுபோச்சு."

அம்மா விடவில்லை. "பத்து வருசமா டாக்டர் மாதிரி கேன் கேனா குடுத்தியே, இன்னா செடின்னு ஒரு வார்த்த கேட்டியா?"

அப்பா நீலமான தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து மாடிக்குப் போனார். பின்னாலேயே போனேன். தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணை விரலால் கிளறிக்கொண்டிருந்தார்.

"சோடா நின்னுபோச்சுன்னா அலசணும். அவ்ளோதான" என்றார். "மூணு தண்ணி."

வேகவைத்த பட்டை மூன்று தண்ணீரில் அலசாமல் அப்பா சாயத்தொட்டிக்குள் விடமாட்டார். எத்தனை அவசரமானாலும் மூன்று. அன்று செடிக்கும் அதே. தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்து, டிரம்மிலிருந்த மழைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் வடிய விட்டோம். ஒவ்வொரு தண்ணீருக்கும் நான் ஒரு தாள் நனைத்துப் பார்த்தேன். மூன்றாவதிலும் பச்சை குறையவில்லை.

"கொஞ்சம் ஆசிட்டு காட்டிறலாமா?" என்றார் அப்பா. சாயத்துக்கு ஊற்றும் அசிட்டிக் அமிலத்தைச் சொன்னார்.

"அளந்து ஊத்தணும்பா."

"மோந்து பாத்தே சொல்வேன், எவ்ளோன்னு."

"மூக்கால ஊத்தாதீங்கப்பா. இருங்க, தாள் வைக்கிறேன்."

அவர் முகர்ந்து ஒரு அளவு சொன்னார். நான் ஒரு பக்கெட்டில் சொட்டுச் சொட்டாக விட்டுத் தாளால் பார்த்தேன். அவர் சொன்னதற்கு இரண்டு சொட்டு முன்னாலேயே நிறம் சரியாக வந்துவிட்டது. "ரெண்டு சொட்டு ஒரு வித்தியாசமா?" என்று இறங்கிப் போனார். நான் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி வடியவிட்டு, மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, மக்கிய இலையும் தேங்காய் நார்க்கழிவும் போட்டு மூடினேன்.

மறுநாளிலிருந்து உண்மையான போட்டோக்கள் போயின. மஞ்சள் செடி, பின்னால் அன்றைய நிறம். முதல் நாள் அக்காவின் அம்மா குரல்செய்தி அனுப்பினார்: "செடி மூஞ்சி செத்துக் கெடக்குது. நூல் என்ன கலருங்க அது, வெங்காயத் தோலா? நான் சந்தனம்னு சொல்லித் தோத்துட்டேன்." அக்காவிடமிருந்து ஒரு வாரம் கட்டைவிரலும் வரவில்லை. அது வராத காலை ஏழு மணிகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

இரண்டு வாரத்தில் ஒரு பக்கம் பட்டுப்போனது. இன்னொரு பக்கம் துளிர்த்தது. துளிர் வந்த மூன்றாம் நாளே அசுவினியும் வந்தது. இந்தமுறை உடனே போன் பண்ணினேன். அக்காவும் நானும் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டோம். கோபத்துக்குப் பிறகு நாங்கள் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அது. காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீச்சு. மீதியை ஈரத் துணியால், விரலால், துடைத்து எடு. அதிகம் மொய்த்த நுனியைக் கிள்ளிவிடு. செங்கல்லைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வை, எறும்பு ஏறக்கூடாது. தேனுக்காக எறும்புதான் அசுவினிக்குக் காவல் நிற்கும். எதற்கும் போகாவிட்டால் சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு, மண்ணைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல், அதுவும் ஒரு இலையில் அடித்துப் பார்த்த பிறகு. பிண்ணாக்கு கிடையாது, இந்த வரியை அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டேன்.

வேப்பெண்ணெய்க்குத் தேவை வரவில்லை. ஒருநாள் அம்மா துடைப்பக் குச்சியோடு செடிமேல் குனிந்திருந்தாள். "முள்ளு முள்ளா கருப்பா ஒரு சனியன் வந்துகீதுடி!" பொறிவண்டின் குஞ்சு. அசுவினியைத் தின்ன வந்தது. நல்லவேளையாகப் பிடித்து நிறுத்தினேன். அது தின்பதை நின்று பார்த்த அம்மா, அதன்பிறகு காலையில் காபி டம்ளரோடு மாடிக்குப் போய், "இன்னிக்கு எத்தன துன்னுது" என்று எனக்கு வந்து சொல்ல ஆரம்பித்தாள்.

நான்கு மொட்டில் இரண்டு உதிர்ந்தன. இரண்டு, பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்னால், ஒரே காலையில் விரிந்தன. வெளிறிய ரோஸ் நிறம். அப்பா அன்று காயப்போட்டிருந்த மயில்கழுத்துச் சிட்டங்களை, யாரும் கேட்காமலே, செடிக்கு நேர் பின்னால் நகர்த்தி வைத்தார். அன்று போட்டோ போனதும் வீடியோ அழைப்பு வந்தது. அக்காவின் அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அதுவரை அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. கொஞ்சநேரம் பூவையே பார்த்தார். "பங்களாவுல இதே கலர்தான்" என்றார். அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, "இன்னிக்கு நீ பச்சன்னு சொன்ன. நான்தான் ஜெயிச்சேன்."

அடுத்த மாதம் அக்கா வந்தார், அறையைக் காலி செய்ய. தன் அம்மாவைத் தனியாக விடமுடியாது. கோத்தகிரியிலேயே ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டார். மாடிக்கு ஏறியதும் செடியின் பட்டுப்போன பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். குச்சி உடைந்தது. என்னைப் பார்த்தார்.

"உன்மேல ஒரு கோவம் பாக்கி வச்சிருந்தேன்" என்றார். "பஸ்ல வரப்ப தேடிப் பாத்தேன், கெடைக்கல. வா, பாத்திரத்தக் கட்டலாம்."

காலைப் பேருந்தில் ஜன்னலோர இருக்கையில், வந்தபோது மாதிரியே, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். பட்டுப்போன பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்க்கும்போது செடி முழுதாகவே தெரிந்தது.

அந்த அறையில் அதற்கப்புறம் மூன்று குடித்தனம் மாறிவிட்டது. அப்பா இன்னும் கேனை வாசலில் வைக்கிறார், ஆனால் யார் வந்தாலும், "இன்னா செடிமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுகிறார். தெரியாத பெயரைச் சொன்னால் எனக்குப் போன் வரும்.

செடி இப்போது கோத்தகிரியில் தரையில் இருக்கிறது, இடுப்பு உயரம். பூக்கும் பருவத்தில் காலை ஏழு மணிக்கு ஒரு போட்டோ வரும். அக்காவின் அம்மாவே எடுத்து அனுப்புகிறார். விளிம்பில் அவர் ஊன்றுகோல் தெரியும். இன்று வந்ததில் எத்தனை பூ என்று நான் இன்னும் எண்ணவில்லை. செடிக்குப் பின்னால், கொடியில், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் காய்ந்துகொண்டிருந்தது. நேற்று நான் சிவப்பு என்று பந்தயம் கட்டியிருந்தேன். தோற்றுப்போனேன்.